பிறைக் கணக்கு

மழைக் காலத்தில் கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. விவரம் தெரியாதவர்கள் ஒரு வகை, வேறு வழியில்லாதவர்கள் இன்னொரு வகை. எங்கள் மாத்தளைக்காரர்களில் முதல் வகை நிறைய உண்டு. டிசம்பரில் பள்ளி விடுமுறை விட்டதும் வேன் பிடித்து, பிள்ளைகளுக்கு மிதக்கிற டியூப் எல்லாம் வாங்கிக்கொண்டு திருகோணமலைப் பக்கம் போவார்கள். மூன்று நாளும் அறைக்குள் அடைந்து கிடந்து கேரம் விளையாடிவிட்டு வந்து, "மழை பிடிச்சிருச்சு டீச்சர்" என்பார்கள். அந்த மாதத்தில் அங்கே மழை பெய்யும் என்பது ஏழாம் வகுப்புப் பாடம். நான் இரண்டாவது வகை. என் தங்கை இறந்து நாற்பதாம் நாள் ஓதுகிற கத்தத்துக்குப் போனேன்.

என்னோடு பிறந்தது அவள் ஒருத்திதான். என்னைவிட ஒன்பது வயது இளையவள். வாப்பாவின் கருவாட்டுக் கடைக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தில் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். திருகோணமலை டவுனிலிருந்து வடக்கே, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மாப்பிள்ளைக்குக் கடல் தொழில். பிற்பாடு வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிப் பவளப் பாறை காட்டும் தொழிலுக்கு மாறினார். மலையில் வளர்ந்த பெண் கடலோரத்தில் எப்படித் தாக்குப்பிடிப்பாள் என்று உம்மா ஒரு வருடம் புலம்பினார். அந்த ஒரு வருடத்துக்குள் அவள் அந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாள். பேச்சுகூட மாறிப்போய், என்னைப் பார்த்தே "எண்டு", "இரிக்கி" என்று பேச ஆரம்பித்தாள்.

ஜூலையில் என் கணவர் மௌத்தானார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருப்பது எங்கள் முறை, இத்தா என்போம். என் இத்தா முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கையில் தங்கை போய்விட்டாள். சிறுநீரகம். கொஞ்ச காலமாகவே வாரத்துக்கு இரண்டு தடவை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தாள். செய்தி வந்ததும் மகன் மட்டும் ஓடினான். நான் அறையில் வெள்ளை உடுப்போடு உட்கார்ந்திருந்தேன். "மார்க்கம் தடுக்குது, நீங்க என்ன செய்றது?" என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அது உண்மைதானே. அந்த உண்மையில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் அடுத்த நாற்பது நாளையும் கழித்தேன்.

ஆனாலும் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. கடைசி நாட்களில் அவள் என்னைக் கேட்டாளா? நான் வரவில்லை என்ற வருத்தத்தோடு போனாளா? மகனிடம் விசாரித்தால், "நல்ல மௌத்து உம்மா, கஷ்டப்படல்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வான். ஆண்பிள்ளைகளிடம் இதற்குமேல் ஒன்றும் கறக்க முடியாது. நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்டால் அழுகை வரும் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் இருந்தது.

ஏனென்றால் நான் அழவில்லை. கணவருக்கும் இல்லை, தங்கைக்கும் இல்லை. மய்யித்து வீட்டுக்கு வந்த பெண்கள் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போய் வெளியே, "டீச்சர் கல்லு மாதிரி இருக்கா" என்று பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்டது. கோபம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உள்ளே. கன்னம் இருக்கிறது, தொட்டால் தெரிகிறது, ஆனால் நம்முடையது இல்லை. சோறு தின்றேன், தொழுதேன், தூங்கினேன். மகன் சொன்ன நேரத்துக்கு மருந்து குடித்தேன்.

இத்தாவில் செய்ய வேறு வேலை இல்லாததால் நாளை எண்ணினேன். முப்பத்தொரு வருடம் பெண்கள் பள்ளியில் கணிதம் படிப்பித்தவள் நான். என் கையில் ஒரு கணக்கு இருந்தால் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். சுவரில் ஹார்டுவெயார் கடைக் கலண்டர் ஒன்று தொங்கியது. ஒவ்வொரு நாளும் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவால் ஒரு கட்டத்தை வெட்டுவேன். நான்கு மாதமும் பத்து நாளும் முடிகிற கட்டத்தை முதல் வாரத்திலேயே வட்டமிட்டு வைத்திருந்தேன். மகனும் பள்ளிவாசல் லெப்பையும் என்னிடம்தான் கேட்டார்கள், எப்போது முடிகிறது என்று. நான் சொன்ன நாளுக்கு ஓதுவதற்கு ஆள் சொன்னார்கள். டீச்சரின் கணக்கை யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

தங்கை தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு போன் எடுப்பாள். பேச மூச்சு வாங்கும். ஆனாலும் விடமாட்டாள். கணவர் கொண்டுவந்த மீன், தன் மகளுடைய பிள்ளையின் சேட்டை, கடற்கரையில் புதிதாக வந்த ஹோட்டல்காரனுடைய சண்டை எல்லாம் சொல்வாள். கடைசியாக, "எத்தின நாள் முடிஞ்சிரிக்கி ராத்தா?" என்பாள். நான் எண்ணிக்கையைச் சொல்வேன். "முடிஞ்சதும் இங்க வாங்க. வெளிய வந்து முதல்ல கடலப் பாருங்க" என்பாள். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அவளோடு கடைசியாகப் பேசியது அவள் போவதற்கு இரண்டு நாள் முன்பு. அன்று அவள் எண்ணிக்கை கேட்கவில்லை. "எப்ப வாரீங்க ராத்தா?" என்றாள். "இன்னும் நாள் இருக்கு" என்றேன். பின்னால் எங்கேயோ மழைச் சத்தம். "சரி ராத்தா, ஒங்க விருப்பம்" என்று வைத்துவிட்டாள். களைப்பு என்று நினைத்தேன். என் விருப்பத்தில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் எரிச்சலும் பட்டேன்.

நாங்கள் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். மகன் தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறான். அவனுடைய சின்ன லொறியில், முன் சீட்டில் நானும் அவனும். நாவுலை தாண்டும் வரை பனி. மகன் இரண்டு தடவை ரேடியோவைப் போட்டு இரண்டு தடவையும் அணைத்தான். என்னைக் கண்டால் யாருக்கும் எதைப் போடுவது, எதை அணைப்பது என்று தெரியாமல் போயிருந்தது அந்த நாட்களில்.

தம்புள்ளையில் கரட்டும் லீக்ஸும் ஏற்ற நிறுத்தினான். நான் இறங்கவில்லை. லொறிகளுக்கு நடுவே வெங்காயத் தோலும் சேறுமாகக் கிடந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் "பாரெ, பாரெ" என்று வழி கேட்டுக்கொண்டு ஓடினார்கள். பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளி ஒருவர், கறுத்து உயர்ந்த மனிதர், ஒரு பெட்டி போஞ்சியைத் தானே தூக்கிவந்து பின்னால் வைத்தார். மரண வீட்டுக்கு என்று மகனிடம் சொன்னார். பிறகு என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து கை கூப்பிவிட்டுப் போனார். நான் தலையை அசைத்தேன். நல்ல மனிதர் என்று மூளை சொன்னது. அவ்வளவுதான்.

ஹபரணை தாண்டியதும் மழை பிடித்தது. காட்டோரத்தில் ஒரு யானை நனைந்துகொண்டு நின்றது. மகன் சின்ன வயதில் யானை கண்டால் சீட்டில் ஏறி நிற்பான். இப்போது வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்வேனா என்று. "பாத்து ஓட்டு" என்றேன். திருகோணமலையைக் கடந்து வடக்கே திரும்பியபோது மழை இன்னும் பலத்தது. "உம்மா, கடல்" என்றான். பார்த்தேன். வானமும் அதுவும் ஒரே நிறமாக இருந்தது. எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

அந்த ஊருக்கு அதற்கு முன் இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டும் வெயில் காலம், இரண்டும் பஸ்ஸில், இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல். சந்தியில் இறங்கி நடந்து போய் வாசலில் நிற்பேன். தங்கை கையில் மீன் செதிளோடு ஓடிவந்து கட்டிக்கொள்வாள். அப்போது தெரு முழுக்கச் சைக்கிளில் வெள்ளைக்காரர்கள், தென்னைக்குத் தென்னை கட்டிய ஊஞ்சல் வலை, பாட்டுச் சத்தம். மழைக் காலத்தில் அந்த ஊர் வேறு. ஓலை போட்ட கபானாக் குடில்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. படகுகளைத் தென்னந்தோப்பு வரை இழுத்து ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு படகுக்குள் நாய் ஒன்று குட்டிகளோடு படுத்திருந்தது. யாரும் விரட்டவில்லை. தேத்தண்ணிக் கடையில் ஒரே ஒரு வெள்ளைக்காரன் ஈரத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு பாணும் பருப்பும் தின்றுகொண்டிருந்தான். சீசனில் என்றால் அவனை நாலு பேர் படகுக்குக் கூப்பிட்டிருப்பார்கள். இப்போது கடைக்காரர் அவனோடு சேர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே எல்லாம் மார்ச்சுக்குத்தான். கூரை ஒழுகினால், "மார்ச்சில பாப்பம்." பெயர்ப்பலகை விழுந்து கிடந்தால், மார்ச்சில பாப்பம். கடல் தெளிந்து வெள்ளைக்காரர்கள் வரும் வரை அந்த ஊரில் எவரும் எதற்கும் அவசரப்படுவதில்லை. மணி அடித்தால் எழும்புகிற என்னைப் போன்ற ஆளுக்கு இது பொறுக்காத விஷயம். முந்தின தடவைகளில் தங்கையிடம், "என்னடி, ஊரே தூங்குது?" என்று கடிந்துகொண்டிருக்கிறேன். அவள் சிரித்துவிட்டு, "கடல் கூப்பிடுற நேரம் எழும்புவாங்க ராத்தா" என்பாள்.

மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார். தங்கையின் கணவர், நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. தாடி முழுக்க வெளுத்துப்போயிருந்தது. "வாங்க மதினி, மழைக்குள்ள வந்திரிக்கீங்க" என்றார். கண்ணை என் பக்கம் திருப்பவில்லை. மரியாதைக்கு அப்படித்தான் இருப்பார். ஆனால் அன்று அது மரியாதை மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது. மகள், அதாவது தங்கையின் ஒரே மகள், இடுப்பில் பிள்ளையோடு வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அவளுடைய கையில் மீன் வாடை அடித்தது. அந்த வாடையிலாவது ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

கத்தம் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு. ஆண்கள் முன் மண்டபத்தில் ஓத, பெண்கள் உள்ளே இருந்தோம். கிழவி ஒருத்தி என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, "இண்டைக்கு எத்தனாம் பிறை?" என்று பொதுவாகக் கேட்டாள். கேட்டு முடிக்குமுன் மூன்று பக்கமிருந்து பதில் வந்தது. சின்னப் பெண்கள்கூடச் சொன்னார்கள். நான் வியந்ததைப் பார்த்துக் கிழவி விளக்கினாள். நிலவு காலத்தில் வலை போட்டால் மீன் விலகிப் போகும். அதனால் அந்த ஊரில் ஆண் பெண் எல்லோருக்கும் பிறை மனப்பாடம். எங்கள் பக்கம் நிலவு என்றால் பௌர்ணமிக்கு வருகிற போயா விடுமுறை. நோன்புக்கும் பெருநாளுக்கும் மட்டும் வானத்தை அண்ணாந்து பார்ப்போம்.

ஆட்கள் கலைந்த பிறகு மகள் என்னை நடு அறைக்குக் கூட்டிப் போனாள். கட்டில் விரித்து, புதுத் தலையணை உறை போட்டு, மேசையில் தண்ணீர்க் குடுவை வைத்து, எல்லாம் ஒழுங்காக இருந்தது. "இது ஒங்களுக்கு எண்டு உம்மா ஆயத்தம் செஞ்ச அறை பெரியும்மா. நாங்க ஒண்டையும் மாத்தல்ல" என்றாள். விரிப்பில் ஈர வாடை அடித்தது. பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு பையை எடுத்தாள். உள்ளே சேலை. இளநீலம். இத்தா முடிந்து வெள்ளையைக் களைகிற பெண்ணுக்குச் சொந்தக்காரர் கலர் உடுப்புக் கொடுப்பது எங்கள் வழக்கம். "இதையும் உம்மாதான் எடுத்து வெச்ச. நீங்க வந்ததும் உடுக்கக் குடுக்க எண்டு."

"எப்ப எடுத்து வெச்சா?" என்று கேட்டேன்.

"ஒங்கட இத்தா முடியிற அண்டைக்கு."

பிள்ளைகள் பிழைவிட்டால் திருத்துகிற பழக்கம் எனக்குப் போகவில்லை. "இல்ல மகள், இத்தா முடியிறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாலயே உம்மா மௌத்தாகிட்டாங்களே" என்றேன்.

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இல்ல பெரியும்மா. ஒங்கட இத்தா முடிஞ்சி மூணு நாளைக்குப் பொறகுதானே உம்மா மௌத்தான."

அவள் அலுமாரிக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். கதவின் உள் பக்கத்தில் பென்சில் கோடுகள். நாலு கோடு நிற்க, ஐந்தாவது கோடு குறுக்கே. அந்த முறையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான், வாப்பாவின் கடையில் கருவாட்டுக் கட்டு எண்ணுவதற்கு. இருபத்தைந்து கட்டும் மூன்று தனிக் கோடும். நூற்று இருபத்தெட்டு. இரண்டாம் தடவை எண்ணினேன். நூற்று இருபத்தெட்டு.

என்னுடைய கலண்டரில் வெட்டியது நூற்று முப்பத்து மூன்று.

நின்ற இடத்திலேயே கூட்டிப் பார்த்தேன். பிறை மாதம் முப்பதும் இருபத்தொன்பதுமாக வரும். நான்கு மாதத்துக்கு நூற்றுப் பதினெட்டு, பத்து சேர்த்தால் நூற்று இருபத்தெட்டு. இத்தாவைப் பிறையில்தான் எண்ண வேண்டும். அது தெரியாதவளா நான்? நோன்பைப் பிறையில் எண்ணுகிறேன், பெருநாளைப் பிறையில் எண்ணுகிறேன். ஆனால் கலண்டரும் சிவப்புப் பேனாவும் கையில் கிடைத்ததும் ஜூலை, ஓகஸ்ட் என்று பள்ளிக்கூடத் தவணை எண்ணுவது மாதிரி எண்ணிவிட்டேன். அந்தக் கலண்டரிலேயே ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் பச்சை நிறத்தில் பிறைத் தேதி பொடியாக அச்சடித்திருந்தது. கண்ணாடி போடாமல் வெட்டிக்கொண்டே போயிருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கூட்டல்.

"உம்மா என்ன சொன்னா?" என்றேன். நான் நாற்பது நாளாகக் கேட்க வைத்திருந்த கேள்வி அதுதான். இப்போது வேறு கேள்வியாகிவிட்டிருந்தது.

அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நூற்று இருபத்தெட்டாம் நாள் மஃரிபோடு தங்கை, "ராத்தா வெளிய வந்திட்டா" என்று சொல்லிச் சேலையை எடுத்து வைத்தாளாம். மறுநாள் காலையிலேயே மச்சானைச் சந்திக்கு அனுப்பினாளாம், நான் பஸ்ஸில் வந்து இறங்குவேன் என்று. பகல் முழுக்க அவர் குடையோடு நின்றுவிட்டு வந்தார். அன்று அஸருக்குப் பிறகுதான் அவள் எனக்குப் போன் எடுத்தாள். இன்னும் நாள் இருக்கிறது என்று நான் சொன்னேன். "போன வெச்சிட்டு உம்மா கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிட்டு கிடந்தா. பொறகு, அவ அப்படித்தான் சொல்லுவா, சொல்லாம வந்து நிப்பா எண்டு, வாப்பாவ அடுத்த நாளும் போகச் சொன்னா. மூணாம் நாளும் போனாரு. அவரு சந்தியில நிக்கக்குள்ளதான் உம்மா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

"கோவமா இருந்தாளா?"

"இல்ல பெரியும்மா. சில பேர் பேணுதலுக்கு, நாள் குறைஞ்சிடப்படாதெண்டு, ரெண்டு மூணு நாள் கூட இரிப்பாங்கதானே எண்டு வாப்பா சொன்னாரு. உம்மா, ஓம், அவட விருப்பம் எண்டா. அவ்வளவுதான்."

அந்த அறையில், அந்த விரிப்பில் படுத்தேன். கூரை ஒரு மூலையில் ஒழுகிச் சட்டியில் சொட்டியது. அழுகை வரும் என்று இருந்தேன், வரவில்லை. வந்தது ஒரே ஒரு எண்ணம்தான். மார்க்கம் என்னைத் தடுக்கவில்லை. என்னை யாருமே தடுக்கவில்லை. கதவு திறந்து கிடந்த ஐந்து நாள் நான் உள்ளே உட்கார்ந்து கட்டம் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். என்னைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று ஊரே இரக்கப்பட்டது. அந்த இரக்கத்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

காலையில் மகனும் மச்சானும் மையவாடிக்குப் போய் அவளை அடக்கிய இடத்தில் ஓதிவிட்டு வந்தார்கள். பெண்கள் போவதில்லை. மச்சான் முன் மண்டபத்துக் கதிரையில் இருந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவு நிலையில் நின்றேன். அவர்கள் நினைத்திருப்பதை அப்படியே விட்டுவிட்டும் போகலாம். பேணுதலான பெண் என்ற பெயர் ஒன்றும் மோசமானது இல்லை. ஆனால் அந்தப் பெயரோடு என்னால் லொறியில் ஏற முடியாது.

"மச்சான், நான் பேணுதலுக்கு இருக்கல்ல" என்றேன். "பிழையா எண்ணிட்டேன். பிறையில எண்ணாம இங்கிலீஷ் மாசத்துல எண்ணிட்டேன். முடிஞ்சது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்."

முதல் தடவையாக அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்களா மதினி?" என்றார். "கணக்கிலயா?"

"ஓம்."

மறுபடி மழைப் பக்கம் திரும்பினார். பிறகு, "நானும் ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பாத்தன். ஒருவேள ராத்தாக்குக் கணக்குப் பிழைச்சிரிக்குமோ, ஒருக்காக் கேப்பமோ எண்டு. அவ ஏசினா. ராத்தாக்குக் கணக்குப் பிழைக்காது எண்டா" என்றார்.

அவள் என்னைப் பற்றி இரண்டில் ஒன்றை நம்ப வேண்டியிருந்தது. எனக்குக் கணக்குப் பிழைத்தது என்று நம்ப வேண்டும், இல்லையென்றால் எனக்கு வர மனமில்லை என்று நம்ப வேண்டும். புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து நான் அவளுக்கு முதலாவதை நம்ப இடமே கொடுத்ததில்லை. ஒரு தடவையாவது அவளுக்கு முன்னால், அட, பிழைச்சிருச்சு என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னதில்லை. பிழை விடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அது தெரிந்த பிள்ளை அவள்.

புறப்படும்போது இளநீலச் சேலையை உடுத்தேன். இத்தா முடிந்தும் நாற்பது நாளுக்கு மேல் சாம்பலும் வெள்ளையுமாகவே திரிந்தவள். மகள் கொசுவத்தைப் பிடித்து ஒழுங்குபடுத்திவிட்டாள். "அளவா இரிக்கி பெரியும்மா" என்றாள். மச்சான் பின்னால் வந்து லொறிக் கதவைச் சாத்திவிட்டார். ஒழுகுகிற மூலையை மகன் காட்டி ஓடு மாற்றுவதைப் பற்றி ஏதோ சொல்ல, "மார்ச்சில பாப்பம் மகன்" என்றார்.

சந்திக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னேன். மகன், "என்னத்துக்கு உம்மா, நல்லா நனைவீங்க" என்றான். "கொஞ்சம் நில்லு" என்று இறங்கினேன். தகரக் கூரை போட்ட பஸ் தரிப்பிடம். ஒரு பக்கம் கூரை போய்விட்டிருந்தது. மச்சான் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று தெரியவில்லை. நான் மழை படுகிற பக்கத்தில் நின்றேன். கடல் அங்கிருந்து தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். கொஞ்ச நேரத்தில் முழங்கால் வலிக்கத் தொடங்கியது. இத்தனை மாதமாக எதுவும் வலிக்காத உடம்பு. வலி மெல்ல மேலே ஏறி நெஞ்சுக்கு வந்து அங்கேயே நின்றது. என் முகம் நனைந்திருந்தது மழையால் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. துடைக்கவில்லை.

திருகோணமலையிலிருந்து பஸ் வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறல்லையா?" என்றார். "இல்ல, ஆளப் பாக்க வந்தேன்" என்றேன். அவர் எனக்காகக் கொஞ்சம் தாமதித்தார். ஒரு கிழவர் மண்ணெண்ணெய்க் கேனோடு இறங்கினார். பள்ளிக்கூடப் பை வைத்த இரண்டு பெண் பிள்ளைகள் இறங்கினார்கள். நான் கடைசிப் படி வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மாத்தளையிலிருந்து யாரும் வரவில்லை.